ஒண்ணு கூட இருக்கு

தொண்ணூறடி ரோட்டில் மழை.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன்.
ஃப்ளெக்ஸ் மெஷின் சூடாகிக்கொண்டிருக்கிறது.
எதிர் ஸ்டூலில் வெள்ளத்தாயி,
முந்தானை முடிச்சில் ஐந்நூறு ரூபாயோடு.
காலை ஆறு மணிக்குள் வேண்டுமாம்
சுடலைமுத்துவின் முதலாமாண்டு நினைவஞ்சலி,
எட்டுக்கு நாலு அடி.

இருக்கிற படம் ஒன்றே ஒன்று, ஆதார் அட்டையில்,
யாரையோ அடித்துவிட்டுப் பிடிபட்டவர் மாதிரி.
"கும்பிட்டபடி நிக்கணும்.
வெள்ளை வேட்டி.
வலது கையில நாலு விரல்."

பெல்ட் பட்டறையில் தோல் வெட்டும் பிரஸ்
மோதிர விரலை எடுத்துக்கொண்டபோது
அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை.
இவள் பார்த்த கையே அதுதான்.

டெலிகிராமைத் திறந்தேன்.
அட்டையை ஏற்றி, கேட்டதை எழுதினேன்.
நாற்பது நொடி சுற்றிக்கொண்டே இருந்தது.
வந்தார். நல்ல கம்பீரம்.
ஐந்து விரல்.

நாலுதான் என்று அழுத்திச் சொன்னேன்.
மன்னிக்கவும், திருத்திவிட்டேன் என்றது.
ஆறு.

தமிழ் எட்டவில்லையோ என்று இந்தியில் எழுதினேன்.
நாலு போய்க் கையில் ஒட்டிக்கொண்டது:
நாலு கைகளோடு,
தலைக்குப் பின்னால் லேசாக ஒரு வெளிச்சத்தோடு நின்றார்.
"சாமியாக்கிட்டியே" என்றாள் வெள்ளத்தாயி.
"கடன்காரன் வந்தா
கதவுக்குப் பின்னாடி நிக்கிற ஆளு."

விரல் வெட்டுப்பட்டவர் என்று விளக்கினேன்.
வன்முறைக் காட்சிகளை வரைய இயலாது,
வேறு ஏதாவது உதவட்டுமா?

உரையாடலை அழித்தேன். செயலியை அழித்து
மறுபடி இறக்கினேன். போனை அணைத்துப் போட்டேன்.
முன்பின் தெரியாதவன் போல
முதலிலிருந்து வணக்கம் சொன்னது.
ஐந்து விரல்.
இன்றைய இலவசப் படங்கள் தீர்ந்தன என்றது.

பக்கத்து சமோசாக் கடை அஷ்ஃபாக்கை எழுப்பி
அவன் போனை வாங்கினேன்.
மோதிர விரலை மடக்கி
என் கையையே படம் பிடித்து அனுப்பினேன்,
இதைப் பார்த்து வரை என்று.
வேட்டிக்காரருக்கு
என் பச்சைக் கண்ணாடி வளையல் மூன்றும் வந்தன.
விரல் ஐந்தும் வந்தது.

மணி இரண்டரை.
இனி இதனிடம் கெஞ்சிப் பயனில்லை.
ஐந்து விரல் படத்தில் நல்லதாக ஒன்றை எடுத்து
கடையின் பழைய கம்ப்யூட்டரில் போட்டேன்.
நானூறு சதவீதம் பெரிதாக்கினால்
கை ஒரு மைதானம்.
அழிப்பானை எடுத்தேன்.
நகம் போயிற்று. முதல் கணு போயிற்று.
பிரஸ் ஒரு நொடியில் செய்ததை
மவுஸால் இருபது நிமிஷம் செய்தேன்.
வெள்ளத்தாயி திரும்பி உட்கார்ந்து
மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதுக்கா" என்றேன்.
வந்து, திரையில் மூக்கு இடிக்கக் குனிந்தாள்.
"இவ்வளவு ஒட்ட இல்ல.
சட்டைப் பொத்தான் அளவுக்கு மிச்சம் இருந்துச்சு.
சோறு பிசையறப்ப
அதுவும் சேர்ந்து அசையும்."

அழித்ததில் கொஞ்சம் திருப்பிக் கொண்டுவந்தேன்.
இன்னும் கொஞ்சம், என்றாள்.
இன்னும்.
போதும்.

மெஷின் தலைமாட்டிலிருந்து
வரி வரியாக அவரை இறக்கியது:
முடி, நெற்றி, அந்தக் கோபப் புருவம்,
பிறகு கும்பிட்ட கைகள்,
ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தாமல்.
மை காயும்வரை நாங்கள் பேசவில்லை.
அஷ்ஃபாக் மட்டும் வாசலில் நின்று
போனில் சார்ஜ் இல்லை என்று திட்டிக்கொண்டிருந்தான்.

சுருட்டிக் கையில் கொடுத்தேன்.
முடிச்சை அவிழ்த்தாள்,
ஐந்நூறை எண்ணாமல் வைத்தாள்.
ஷட்டருக்கு அடியில் குனிந்தவள்
பாதியில் நின்றாள்.

"அந்த ஆறு விரல் படம் இருக்கா,
அழிச்சுட்டியா?"

இருக்கு.

"என் போனுக்கு அனுப்பி வை."
நான் பார்த்த பார்வைக்கு,
"சும்மாதான்" என்றாள்.
"ஒண்ணு கூட இருக்குன்னா
அவரே சிரிப்பாரு."